உப்பளப் பாத்திகளுக்கு ஹேட்ச் எல்லையைத் தானாக வரவைப்பது: மூடாத கோடுகளை என்ன செய்கிறீர்கள்?

18 ஜனவரி 2024, இரவு 10:40

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சாயல்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தின் சர்வே படம் கைக்கு வந்திருக்கிறது. 438 பாத்திகள். டோட்டல் ஸ்டேஷன் என்கிற நில அளவைக் கருவியில் எடுத்த புள்ளிகளைக் கோடாக இணைத்து அனுப்பியிருக்கிறார்கள். பெரும்பாலும் தனித்தனி லைன், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாலிலைன், அதாவது பல துண்டுகள் சேர்ந்த ஒரே கோடு. எனக்கு வேண்டியது ஒவ்வொரு பாத்திக்கும் மூடிய எல்லை, அதன் பரப்பு, அப்புறம் பாத்தியின் வேலைக்கேற்ற ஹேட்ச், அதாவது உள்ளே நிரப்புகிற கோட்டு மாதிரி. உவர்நீர் தேக்குகிற பாத்திக்கு ஒரு மாதிரி, நீரைச் சுண்டவைக்கிற பாத்திக்கு ஒரு மாதிரி, உப்பு விளைகிற பாத்திக்கு இன்னொன்று. மழை ஓய்ந்து வரப்பு வேலை தொடங்கிவிட்டது, பிப்ரவரி பிறப்பதற்குள் படம் வேண்டும் என்கிறார்கள்.

கையால் செய்து பார்த்தேன். பாத்திக்குள் ஒரு கிளிக், ஆட்டோகேட் (நான் படம் வரைகிற மென்பொருள்) கொஞ்ச நேரம் யோசிக்கிறது, மூடிய எல்லை கிடைக்கவில்லை என்று பெட்டி வருகிறது, கோடு விட்டுப்போன இடங்களில் சிவப்பு வட்டம் தெரிகிறது. வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு கோட்டு முனைகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. அதைச் சேர்த்துவிட்டு மறுபடி கிளிக். காலை 9 மணிக்கு உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுக்குள் 31 பாத்திதான் முடிந்தது.

பாத்தி எண்கள் ஏற்கெனவே படத்தில் எழுத்தாக இருக்கின்றன. அந்த எண்ணையே புள்ளியாக வைத்து எல்லையை எடுக்கிற லிஸ்ப் (ஆட்டோகேடுக்குள் ஓடுகிற சின்ன நிரல்) எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். மூடாத கோட்டுக்கு ஹெச்பிகேப்டால் இருக்கிறது, எவ்வளவு இடைவெளி வரை மூடியதாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஆட்டோகேடுக்குச் சொல்கிற அமைப்பு. அதன் தொடக்க மதிப்பு 0, படத்தின் அலகில் 5000 வரை ஏற்றலாம். என் படத்தில் ஓர் அலகு ஒரு மீட்டர். கண்ணில் பட்ட பெரிய இடைவெளி 1.1 மீட்டர், ஆகவே 1.2 வைத்தால் வேலை முடிந்தது என்பது என் கணிப்பு. யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா?


19 ஜனவரி, காலை

முழு ஆட்டோகேடா, அதன் எளிய பதிப்பான எல்டியா என்று மண்டபத்து நண்பர் கேட்டதற்குப் பதில்: முழு ஆட்டோகேட். ஆனால் எல்டி வைத்திருப்பவர்களும் இனி ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை, 2024 பதிப்பிலிருந்து எல்டியிலும் ஆட்டோலிஸ்ப் ஓடுகிறது. அதற்கு முந்தைய எல்டியில் ஓடாது.


20 ஜனவரி, இரவு

எழுதிவிட்டேன். வேலை செய்கிற முறையைச் சொல்கிறேன், உங்கள் படத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

பாத்தி எண் இருக்கிற லேயரிலிருந்து எல்லா எழுத்தையும் திரட்டுகிறேன். ஒவ்வொன்றின் இடத்தையும் எண்ணையும் பட்டியலாக வைத்துக்கொண்டு அந்த லேயரை ஃப்ரீஸ் செய்து மறைத்துவிடுகிறேன். இது முக்கியம். எழுத்து திரையில் இருந்தால் ஹேட்ச் அதையும் தீவாக எடுத்துக்கொண்டு எண்ணைச் சுற்றி ஒரு பெட்டியை வெட்டிவிடும். பிறகு ஒவ்வொரு புள்ளியாகப் போய் அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கி, பவுண்டரி கட்டளையை உரையாடல் பெட்டி இல்லாமல் ஓட்டுகிறேன். தீவு தேடுவதை அணைத்தாகிவிட்டது, கிடைக்க வேண்டியது பாலிலைன். கட்டளைக்கு முன்னும் பின்னும் படத்தின் கடைசிப் பொருள் எது என்று பார்க்கிறேன். மாறியிருந்தால் எல்லை கிடைத்தது, மாறாவிட்டால் அந்த எண் தோல்விப் பட்டியலுக்குப் போகிறது. கிடைத்த பாலிலைனைத் தனி லேயரில் போட்டு, அதைப் பொருளாகத் தேர்ந்தெடுத்து ஹேட்ச்.

பாத்திக்குப் பாத்தி பெரிதாக்குவது ஏன் என்றால், ஆட்டோகேட் திரையில் தெரிகிற கோடுகளைத்தான் எல்லைக்காகத் துழாவுகிறது. மொத்த உப்பளமும் திரையில் இருந்தால் ஆயிரக்கணக்கான கோட்டையும் ஒவ்வொரு கிளிக்குக்கும் பார்க்கும். முன்பு நான் கையால் செய்தபோது இதைச் செய்யவில்லை, பாதி நேரம் அதிலேயே போயிற்று. ஆனால் பாத்தியின் ஓரம் திரைக்கு வெளியே போகிற அளவுக்குப் பெரிதாக்கினால் எல்லை கிடைக்காது, பாத்தியைப் போல இரண்டு மடங்கு இடம் தெரிய வேண்டும்.

ஹெச்பிகேப்டால் 1.2. ஓடி முடிய 6 நிமிடம்.


21 ஜனவரி

421 வந்துவிட்டது. 17 வரவில்லை. பல நாள் வேலை ஆறு நிமிடத்தில் முடிந்ததைப் பார்க்க எவ்வளவு நிம்மதி.


22 ஜனவரி, மதியம்

அந்த 17-ஐப் பார்த்தேன். ஆறு பாத்திகளில் எண்ணே பாத்திக்கு வெளியே நின்றது. தவறு என்னுடையது. எழுத்தின் செருகுபுள்ளியை எடுத்திருந்தேன், அது எழுத்தின் இடது கீழ் மூலை. சின்னப் பாத்தியில் எழுத்து வரப்பைத் தாண்டி நிற்கும்போது மூலை அடுத்த பாத்திக்குள் போய்விடுகிறது, சில சமயம் கோட்டின் மேலேயே விழுகிறது. எழுத்தைச் சுற்றிய பெட்டியின் நடுப்புள்ளியை எடுத்தபின் ஆறும் வந்தன. நடுவில் ஒழுங்குபடுத்திய எழுத்தாக இருந்தால் டிஎக்ஸ்எஃப் (படத்தின் ஒவ்வொரு பொருளின் விவரத்தையும் எண் குறியீட்டோடு வைக்கும் வடிவம்) குறியீடு 10-ஐ விட்டுவிட்டு 11-ஐப் படியுங்கள், அதுவே போதும்.

மீதி 11-ம் மேற்கு ஓரத்தில் வரிசையாக இருப்பவை. அந்தப் பகுதியை மட்டும் 3டி பாலிலைனாக அனுப்பியிருக்கிறார்கள், ஒவ்வொரு முனைக்கும் வேறு வேறு மட்டம். மேலிருந்து பார்த்தால் கோடுகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன, உண்மையில் ஒன்று 0.42-லும் மற்றது 0.67-லும் நிற்கிறது. ஹேட்சுக்கு எல்லாம் ஒரே தளத்தில் வேண்டும். ஃபிளாட்டன் கொடுத்துச் சமமாக்கினேன். மட்டம் இருக்கிற மூலப்படத்தை நகலெடுத்து வைத்துவிட்டுத்தான் செய்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். உப்பளத்தில் மட்டம் போனால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதே போய்விடும்.

438-ம் வந்துவிட்டது. நாளை அச்சடித்துக் களத்துக்குக் கொண்டுபோகிறேன்.


24 ஜனவரி, இரவு

மேலே எழுதிய 1.2 என்பதை யாரும் செய்யாதீர்கள். முழுதாகப் படியுங்கள்.

காலையில் ஏ0 தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். படம் அவ்வளவு சுத்தம், 438 பாத்தியும் நிறம் நிறமாக, எண்ணும் பரப்பும் நடுவில். உப்பளத்துக் கங்காணி, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், தாளை வரப்பின் மேல் விரித்து நான்கு மூலையிலும் மண்கட்டி வைத்துவிட்டுக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: “தம்பி, இதுல உடைப்பு எங்க இருக்கு?”

எனக்குப் புரியவில்லை. அவர் கையைக் காட்டினார். டிசம்பர் 17, 18 மழை தூத்துக்குடி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அதே மழைதான் இங்கேயும் வரப்பை அறுத்திருக்கிறது. சர்வே எடுக்கச் சொன்னதே எந்த வரப்பு எங்கே எவ்வளவு நீளம் உடைந்திருக்கிறது என்று தெரிந்து, சீசனுக்கு முன் மண் போடத்தான். சர்வேயர் ஒவ்வொரு உடைப்பிலும் இரண்டு பக்கத்து முனையையும் அளந்து கோட்டை அங்கே நிறுத்தியிருக்கிறார். நான் 1.2 வைத்து அத்தனை உடைப்பையும் மூடிவிட்டேன். மூடிய எல்லையின் மேல் அடர்த்தியாகக் கோடு போட்டதால் தாளில் இடைவெளி இருந்த தடம்கூட இல்லை.

பெரியவர் கோபப்படவில்லை. “படத்துல கட்டிட்டீங்க, மண்ணுல நாங்கதான் கட்டணும்” என்றார். அதைக் கேட்டபிறகு திரும்பி வருகிற வழி முழுக்க, கன்னிராஜபுரம் தாண்டுகிற வரைக்கும், எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அந்தப் படத்தை நம்பி மண்வேலை மதிப்பீடு போட்டிருந்தால் ஒரு வண்டி மண்ணுக்குக்கூடக் கணக்கு வந்திருக்காது.


25 ஜனவரி, அதிகாலை

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

இடைவெளி என்றாலே பிழை என்று எடுத்துக்கொண்டேன். இந்தப் படத்தில் மூன்று விதமான இடைவெளி இருக்கிறது. ஒன்று, வரைந்தவர் முனையைப் பிடிக்காமல் விட்டது, சில மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை. இரண்டு, மடை. தண்ணீர் பாத்திக்குப் பாத்தி இறங்குகிற வாய், 30 முதல் 60 சென்டிமீட்டர். எல்லா மடைக்கும் கோட்டை நிறுத்தவில்லை, கல்லோ பைப்போ பதித்த நிரந்தர மடைக்கு மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று, உடைப்பு.

முதலாவதை மூடலாம். இரண்டாவதைப் பரப்புக்காக மூடவும் வேண்டும், படத்தில் திறந்தும் இருக்க வேண்டும். மூன்றாவதைக் கேட்காமல் தொடக்கூடாது. ஒரே எண்ணை வைத்து மூன்றையும் விழுங்கச் சொன்னால் ஆட்டோகேட் விழுங்கத்தான் செய்யும், அதற்கு மடையும் உடைப்பும் தெரியாது.


25 ஜனவரி, இரவு

தொண்டித் தம்பி எழுதியது: ‘சரி அண்ணே, அப்படியானால் 0-வே வைத்துவிட்டால் உடைந்த பாத்திகள் தோல்விப் பட்டியலில் தானாக வந்துவிடுமே.’

நானும் அப்படித்தான் நினைத்தேன். வராது. 112-க்கும் 113-க்கும் நடுவில் இருக்கிற வரப்பு உடைந்திருக்கிறது, சுற்று வரப்பு சரியாக இருக்கிறது என்று வையுங்கள். 112-இல் கிளிக் செய்தால் எல்லை உடைப்பு வழியாக 113-க்குள் போய் இரண்டையும் சேர்த்து ஒரே பாலிலைனாகச் சுற்றி வந்துவிடும். பெட்டியும் வராது, சிவப்பு வட்டமும் வராது. அடுத்து 113-இல் கிளிக் செய்தால் அதே பாலிலைன் மறுபடி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஹேட்ச், இரண்டு எண்ணுக்கும் இரண்டு மடங்கு பரப்பு. மொத்தத்தைக் கூட்டினால்தான் உப்பளத்தின் பரப்பைவிட அதிகமாக வந்து நிற்கும். இன்று 0 வைத்து ஓட்டிப் பார்த்தபோது இப்படி வந்த எண்களே நூற்றுக்கும் மேல். தோல்வி என்று வந்தவை சுற்று வரப்பில் இடைவெளி இருந்தவை மட்டும்.

ஆகவே லிஸ்ப்பில் ஒரு சோதனை சேர்த்தேன். கிடைத்த ஒவ்வொரு பாலிலைனுக்குள்ளும் எத்தனை எண் விழுகிறது என்று எண்ணுகிறது. ஒன்று என்றால் சரி. இரண்டோ மூன்றோ என்றால் அதை அழித்துவிட்டு, அந்த எண்களை ‘சேர்ந்துவிட்டது’ என்று பட்டியலில் எழுதுகிறது. எண்ணை வைத்து எல்லை எடுக்கிற யாராக இருந்தாலும் இதை மட்டுமாவது போடுங்கள். வீட்டுமனை லேஅவுட் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும், 14-ம் மனையும் 15-ம் மனையும் சேர்ந்து ஒரே பரப்பாகப் பத்திரத்துக்குப் போனால் பிறகு யார் அலைவது?


28 ஜனவரி

இரண்டு நாள் மின்வெட்டு, அத்துடன் வீட்டில் ஒரு விசேஷம். இப்போதுதான் உட்கார்ந்தேன்.

முறையைத் தலைகீழாக மாற்றிவிட்டேன். முதலில் எல்லை தேடுவதில்லை, முதலில் இடைவெளியைத் தேடுகிறது.

எல்லாக் கோட்டின் இரண்டு முனைகளையும் திரட்டி, கிழக்கு ஆயத்தொலைவை வைத்து வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொரு முனைக்கும் பக்கத்தில் துணை முனை இருக்கிறதா என்று வரிசையில் முன்னும் பின்னும் கொஞ்சம் பார்த்தால் போதும், எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் காலையில் ஓடவிட்டது மாலைக்குத்தான் முடியும். துணை இல்லாத முனை என்றால், அது வேறொரு கோட்டின் நடுவில் போய் முட்டுகிறதா என்று பார்க்கிறது. வரப்புகள் டி வடிவில் சேரும் இடம் இப்படித்தான் இருக்கும், அது இடைவெளி இல்லை. இதையும் தாண்டித் தனியாகத் தொங்குகிற முனைதான் கணக்கு. அதற்கு மிக அருகில் தொங்குகிற இன்னொரு முனையையோ கோட்டையோ கண்டுபிடித்து, நடுவில் இருக்கிற தூரத்தை அளந்து, அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு வரிசை எண் கொடுக்கிறது. வட்டத்தின் நிறம் தூரத்தைப் பொறுத்தது.

5 சென்டிமீட்டருக்குள் இருந்தால் தானே சேர்த்துவிடுகிறது. சேர்த்ததையும் பட்டியலில் எழுதுகிறது.

மொத்தம் 163 இடைவெளி. 5 சென்டிமீட்டருக்குள் 97. மீதி 66-க்கும் வட்டம் போட்டாகிவிட்டது.


29 ஜனவரி

ஒரு திருத்தம். ஓவர்கில் (நகல் கோடுகளை நீக்குகிற கட்டளை) ஓட்டாமல் மேலே சொன்னதைச் செய்யாதீர்கள். ஒரே கோடு இரண்டு முறை ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால், அந்தக் கோட்டின் தொங்கும் முனைக்கு அதன் நகலே துணையாகிவிடுகிறது, உண்மையான இடைவெளி கண்ணில் படாமல் போய்விடும். எனக்கு அப்படி மூன்று போயிருந்தது, அதாவது 163 இல்லை, 166. மூன்றும் பெரியவை.


31 ஜனவரி, இரவு

தாளோடு மறுபடி போனேன். இந்த முறை பாத்திகளுக்கு நிறம் இல்லை, கோடும் வட்டமும் வட்டத்துக்கு எண்ணும் மட்டும். பெரியவரும் நானும் விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் 69 வட்டத்தையும் நடந்து பார்த்தோம். அவர் தாளைப் பார்க்கவேயில்லை. நான் எண்ணைச் சொல்லி இடத்தைக் காட்டினால் “மடை”, “உடைப்பு” என்று சொல்லிக்கொண்டே போனார்.

52 மடை. 14 உடைப்பு. இன்னும் மூன்றில் ஒன்றுமே இல்லை, வரப்பு முழுதாக இருக்கிறது. டோட்டல் ஸ்டேஷனுக்குப் பிரிசக் கம்பைப் பிடித்தவர் அந்த முனையை எடுக்காமல் தாண்டிப் போயிருக்கிறார். அந்த மூன்றுக்கும் டேப் வைத்துப் பக்கத்து மூலையிலிருந்து அளந்து குறித்துக்கொண்டேன்.

ஓர் உடைப்பின் அகலம் 55 சென்டிமீட்டர்தான். தூரத்தை வைத்தே பிரித்துவிடலாம் என்று 28-ஆம் தேதி மனதில் ஓர் எண்ணம் இருந்தது, 60-க்குக் கீழே மடை, மேலே உடைப்பு என்று. அப்படிச் செய்திருந்தால் இது மடையாகியிருக்கும்.

நடக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. விளைகிற பாத்திக்கு நான் போட்ட ஹேட்ச் பாதி தவறு. சர்வேயர் போன சீசன் கணக்கைக் கொடுத்திருக்கிறார். இந்த வருடம் எதெதில் உப்பு எடுப்பது என்று பெரியவர்தான் சொன்னார். நீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே டிகிரி 25-ஐத் தொடும்போது உப்பு படியத் தொடங்கும், 29 வாக்கில் மிஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து இறங்கிக் கசக்கும். அந்த நீரை வெளியே விடுகிற வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருக்கிற பாத்திதான் விளைச்சலுக்குச் சரிப்படும் என்றார். ஹேட்ச் மாதிரியை எண் பட்டியலிலிருந்து படிக்கிறபடி மாற்றிவிட்டேன், எழுத்துக்கோப்பில் ஒரு வரிக்கு ஒரு பாத்தி, எண்ணும் வேலையும். அடுத்த வருடம் மாறினால் கோப்பை மட்டும் மாற்றினால் போதும்.


2 பிப்ரவரி

மடையை எப்படிப் பரப்புக்கு மூடுவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தனி லேயர் ஒன்று, அதற்கு அச்சில் வராதபடி அமைப்பு. மடையின் இரண்டு முனைக்கும் நடுவே அந்த லேயரில் ஒரு கோடு. எல்லை எடுக்கும்போது அந்தக் கோடு எல்லையாக நிற்கும், தாளில் மடை திறந்தே தெரியும். உடைப்புக்கு இன்னொரு லேயர், சிவப்பு, அச்சில் வரும், பக்கத்தில் நீளமும் வரும். ஹெச்பிகேப்டால் 0-வில் வைத்தேன். இப்போது 438-ம் ஒற்றை எண்ணோடு வருகிறது. எல்லாப் பாத்தியின் பரப்பும் வரப்பின் நடுக்கோடு வரைக்கும் என்பதைத் தாளிலேயே எழுதிவிட்டேன், உள்விளிம்பு என்று யாராவது எடுத்துக்கொண்டால் சின்னப் பாத்தியில் வித்தியாசம் கணிசமாக வரும்.

பரப்பை ஹேட்சிலிருந்து படிக்காதீர்கள், பாலிலைனிலிருந்து படியுங்கள். எல்லை தன்னைத்தானே எங்காவது குறுக்கே வெட்டியிருந்தால் ஹேட்சின் பரப்பு காலியாக வரும். சென்ட்டில் கேட்டால் சதுர மீட்டரை 40.4686-ஆல் வகுக்க வேண்டும். 40 என்று வைத்து வகுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், 100 சென்ட்டுக்கு ஒரு சென்ட்டுக்கு மேல் பிசகும்.


3 பிப்ரவரி

பாம்பனிலிருந்து கேட்டவருக்கு. உங்கள் படத்தில் ஹேட்ச் பல்லுப்பல்லாக உடைந்து தெரிகிறது, மூடிய பாலிலைனுக்குள்ளேயே எல்லை கிடைக்கவில்லை என்று வருகிறது என்றால், முதலில் ஆயத்தொலைவைப் பாருங்கள். நம் ராமநாதபுரம் மாவட்டம் யுடிஎம் என்கிற நில ஆயமுறையில் 44-ஆம் வடக்கு மண்டலத்தில் வருகிறது. ராமேஸ்வரம் பக்கம் கிழக்கு எண் 3 லட்சத்துச் சொச்சம், வடக்கு எண் 10 லட்சத்துக்கு மேல். தொடக்கப்புள்ளியிலிருந்து அவ்வளவு தூரத்தில் சின்ன ஹேட்ச் போடும்போது கணக்கு தடுமாறுகிறது. யூசிஎஸ் (நாமே அமைத்துக்கொள்கிற ஆய அச்சு) தொடக்கத்தை உங்கள் படத்தின் ஒரு மூலைக்குக் கொண்டுவாருங்கள், ஹேட்சின் தொடக்கப்புள்ளியையும் அங்கேயே வையுங்கள், சரியாகிவிடும்.

படத்தையே நகர்த்திக் கீழே கொண்டுவராதீர்கள். நான் முன்பு வேலைபார்த்த ஓர் இடத்தில் அப்படி நகர்த்திவிட்டுத் திரும்ப வைக்க மறந்துவிட்டார்கள். பக்கத்துத் தாளோடு ஒட்டவில்லை, டிஜிபிஎஸ் (செயற்கைக்கோள் வழி அளந்த) புள்ளி எதுவும் பொருந்தவில்லை, எவ்வளவு நகர்த்தினோம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஒரு வாரம் திரும்ப அளந்தோம்.

ஹேட்ச் அடர்த்தி அதிகம் என்று செய்தி வந்தால் அது வேறு விஷயம், மாதிரியின் அளவை ஏற்றுங்கள். மீட்டரில் வரைந்த படத்துக்கு மில்லிமீட்டர் மாதிரியின் அளவு ஒத்துவராது.


9 பிப்ரவரி, இரவு

லைசென்ஸ் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்ட கல்லூரி மாணவருக்கு: க்யூஜிஐஎஸ் என்கிற நிலவரைபட மென்பொருள் இலவசம். டிஎக்ஸ்எஃப் கோப்பைத் திறந்து, கோடுகளைச் சந்திப்புகளில் வெட்டிவிட்டு, பாலிகனைஸ் கொடுத்தால் மூடிய பகுதி ஒவ்வொன்றும் பாலிகனாக வந்துவிடும். எண்ணை வைத்துத் தேடவே வேண்டாம், பின்னால் எந்தப் பாலிகனுக்குள் எந்த எண் என்று சேர்த்துக்கொள்ளலாம், இரண்டு எண் விழுகிற பாலிகனும் அப்போது அகப்பட்டுவிடும். நான் இதைச் சோதித்துப் பார்த்ததில் இரட்டைக் கோடாக இருந்த சுற்று வரப்பும் வாய்க்காலும்கூடத் தனித்தனிப் பாலிகனாக வந்தன. முதலில் குப்பை என்று அழிக்கப் போனேன். அப்புறம் யோசித்தால் சுற்று வரப்பின் பரப்பு மண்வேலைக்கு வேண்டியதுதான், வைத்துக்கொண்டேன். இந்த ஒரு விஷயத்தில் எண்ணை வைத்துத் தேடும் என் முறையைவிட இது மேல் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆட்டோகேட் மேப் 3டி வைத்திருக்கிறவர்கள் அதில் மேப்கிளீன் கட்டளையைப் பாருங்கள். தொங்கும் கோடு, எட்டாத கோடு, நகல் கோடு, நெருங்கிய முனைகள் எல்லாவற்றையும் பிடிக்கும். ஆனால் தானாகத் திருத்தும் வழியைத் தேர்ந்தெடுக்காமல் ஒவ்வொன்றாகக் காட்டும் வழியைத் தேர்ந்தெடுங்கள். காரணம் மேலே 24-ஆம் தேதி எழுதியதுதான்.


11 பிப்ரவரி

கீழக்கரை நண்பரின் பழைய படம்: ஹேட்ச் மட்டும் இருக்கிறது, எல்லைக் கோட்டை யாரோ அழித்துவிட்டார்கள். கவலை வேண்டாம், ஹேட்ச் தன் எல்லையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. டிஎக்ஸ்எஃபில் பார்த்தால் 91-இல் எத்தனை சுற்று என்று இருக்கும், 92-இல் அது எந்த வகை, 93-இல் எத்தனை முனை, அதன் கீழே 10-களில் ஒவ்வொரு முனையும். ஹேட்சைத் தேர்ந்தெடுத்து எல்லையை உருவாக்கும் கட்டளை கொடுத்தால் இதையே படித்துப் பாலிலைனாகத் தந்துவிடும். ஹேட்சை எக்ஸ்ப்ளோட் செய்திருந்தால்தான் ஒன்றும் செய்வதற்கில்லை, வெறும் சாய்கோடுகள் மிஞ்சும்.


20 பிப்ரவரி

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், ஆனால் இதே விஷயம்தான். ஒரு மனைக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலப் படம் வரைகிற வேலை வந்தது. 2019 அறிவிக்கைப்படி உயர் அலைக் கோட்டிலிருந்து, மக்கள் நெருக்கம் அதிகமான ஊர்ப்புறத்துக்கு 50 மீட்டர், மற்ற ஊர்ப்புறத்துக்கு 200 மீட்டர் வளர்ச்சி தடைசெய்யப்பட்ட பகுதி. கோட்டை 200 மீட்டர் ஆஃப்செட் செய்து (அதாவது இணையாக இன்னொரு கோடு வரைந்து) நடுவில் ஹேட்ச் போட வேண்டும், சுலபம் என்றுதான் உட்கார்ந்தேன். நம் கரை அப்படி விடுமா? கழிமுகமும் ஓடையும் வளைந்து வளைந்து வருகிற இடத்தில் ஆஃப்செட் கோடு தன்னையே நாலு இடத்தில் வெட்டிக்கொண்டது. ஹேட்ச் வந்தது, பரப்பு காலி. கரையை ஸ்பிளைனாக (வழவழப்பான வளைகோடாக) வரைந்து அனுப்பியிருந்ததால் எல்லையும் பாலிலைனாகக் கிடைக்காமல் ரீஜியனாக, அதாவது ஒரு பரப்புப் பொருளாக வந்தது.

கோட்டை வழவழப்பாக்கிவிடுங்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். செய்யவில்லை. உயர் அலைக் கோட்டைக் குறித்துத் தருவது அதற்கென்று அங்கீகாரம் பெற்ற நிறுவனம், வரைகிறவன் அதில் ஒரு முனையைக்கூட நகர்த்தக்கூடாது. ஸ்பிளைனைச் சின்னச் சின்னத் துண்டாகப் பாலிலைனாக மாற்றி, ஆஃப்செட்டில் விழுந்த சுருக்குகளை மட்டும் வெட்டி எடுத்தேன். கடல் பக்கம் மூட ஒன்றுமே இல்லை அல்லவா, அங்கே தாளின் விளிம்பை எல்லையாக வைத்து, அது தாளின் விளிம்பு என்று பக்கத்திலேயே எழுதினேன்.

தனுஷ்கோடி அரிச்சல்முனை மாதிரி மணல் நகர்கிற இடமாக இருந்தால், அளந்த தேதி இல்லாமல் அந்தக் கோட்டுக்கு அர்த்தமே கிடையாது. என் லிஸ்ப் இப்போது ஒவ்வொரு எல்லைப் பாலிலைனோடும் அளந்த தேதியையும் சேர்த்து எழுதுகிறது.


14 மார்ச்

உப்பளத்திலிருந்து தகவல். 14 உடைப்பும் கட்டியாகிவிட்டது, பாத்தி மிதிக்கிற வேலை முடிந்து நீர் ஏற்றியிருக்கிறார்கள். சிவப்பு லேயரில் இருந்த 14 கோட்டையும் வரப்பு லேயருக்கு மாற்றினேன். லேயர் மட்டும்தான் மாறியது, எல்லை ஒன்றும் மாறவில்லை.


2 ஏப்ரல், இரவு

214-ஆம் பாத்தியின் மடையை வடக்கு வரப்புக்கு மாற்றிவிட்டார்களாம், பழைய மடையை அடைத்தாகிவிட்டது என்று பெரியவர் போனில் சொன்னார். அடைத்த கையோடு அந்த வரப்பையும் ஓர் அடி தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். “உங்க படத்துலயும் மாத்திருங்க தம்பி” என்றார். 214-க்கும் 215-க்கும் எல்லைப் பாலிலைனின் இரண்டிரண்டு முனைகளை நகர்த்தினேன், ஹேட்சும் கூடவே நகர்ந்தது, பரப்பு மாறியது. வடக்கில் புதிய மடையின் இடம் அவர் சொன்ன அடிக்கணக்குதான், அளந்தது இல்லை. அங்கே ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.